'லவ்' என்று யாராவது சொன்னால்: இங்கிலாந்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நர்ஸ் வேலைக்கோ, முதியோர் இல்லப் பணிக்கோ, மேற்படிப்புக்கோ இங்கிலாந்துக்கு வருபவர்கள் ஆங்கிலத் தேர்வெல்லாம் எழுதி, நல்ல மதிப்பெண் வாங்கித்தான் வருகிறார்கள். அப்படியும் வந்த முதல் வாரத்திலேயே ஒரு சின்னச் சொல் அவர்களைத் திகைக்க வைக்கிறது. பேருந்து ஓட்டுநர் 'லவ்' என்கிறார். மேலாளர் மின்னஞ்சலில் 'லவ்' என்று எழுதுகிறார். பக்கத்து வீட்டு அம்மா கிறிஸ்துமஸ் அட்டையில் 'லவ்' போட்டுக் கையெழுத்திடுகிறார். மருத்துவமனையில் 'லவ்டு ஒன்' என்று பேசிக்கொள்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பொருள் என்று எடுத்துக்கொண்டால் தலை சுற்றும்.

இதற்கு அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. யார், யாரிடம் சொன்னார்கள், வாக்கியத்தில் எந்த இடத்தில் வந்தது, பக்கத்தில் என்ன சொல் நின்றது என்று பார்த்தால் போதும். அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: நம்ம ஊர் 'லவ்'வை ஓரமாக வையுங்கள்

தமிழ்ப் பேச்சில் புழங்கும் 'லவ்' ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான். ஆனால் வரும்போது ஒரே ஒரு பொருளைத்தான் கொண்டுவந்தது. 'லவ் பண்றான்', 'லவ் லெட்டர்', 'லவ் மேரேஜ்' எல்லாமே ஆணும் பெண்ணும் காதலிப்பது பற்றித்தான். அம்மாவிடம் இருப்பது பாசம், கூட்டாளியிடம் இருப்பது நட்பு, சாமியிடம் இருப்பது பக்தி. பிரியாணி என்றால் நமக்குப் 'பிடிக்கும்', அவ்வளவுதான். ஆங்கிலம் இத்தனைக்கும் அந்த ஒரே சொல்லை வைத்துக்கொள்கிறது. அதனால் காதில் 'லவ்' விழுந்ததும் காதல் என்று மனம் ஓடினால் முதலில் அதைப் பிடித்து நிறுத்துங்கள்.

நாம் அங்கே போய்ப் பேசும்போதும் இதே சிக்கல் வரும். இதில் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும், ஏனென்றால் சில சொற்கள் உண்மையிலேயே தப்பான அர்த்தம் தரும். 'லவ்வர்' அதில் முக்கியமானது. நம் ஊரில் 'அவள் என் லவ்வர்' என்றால் காதலி, அதில் விரசம் எதுவும் இல்லை. இங்கிலாந்தில் 'மை லவர்' என்று ஒருவரைச் சொன்னால் உடலுறவு வைத்திருப்பவர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், பல நேரம் கள்ள உறவு என்றும் நினைப்பார்கள். 'கேர்ள்ஃப்ரெண்ட்', 'பாய்ஃப்ரெண்ட்', 'பார்ட்னர்' என்று சொல்லிப் பழகுங்கள்.

அடுத்தது 'ப்ரொபோஸ்'. 'அவன் எனக்கு ப்ரொபோஸ் பண்ணினான்' என்றால் நமக்குக் காதலைச் சொன்னான் என்று பொருள். அவர்களுக்கு அது கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டான், மோதிரம் எங்கே என்று பொருள். 'லவ் ஃபெயிலியர்' என்றால் புரியாது. 'பிரேக்கப்' என்றால் புரியும். 'லவ் மேரேஜ்' என்றாலும் முழிப்பார்கள், அங்கே கல்யாணம் என்றாலே அதுதானே என்று. 'ஐ ஆம் லவ்விங் ஹர்' என்று சொல்லாதீர்கள், 'ஐ லவ் ஹர்' என்பதுதான் சரி.

இரண்டாம் படி: வாக்கியத்தின் வாலில் நிற்கிறதா என்று பாருங்கள்

லீட்ஸ், ஷெஃபீல்ட், பார்ன்ஸ்லி பக்கம் போனால் முதல் நாளே இதைக் கேட்பீர்கள். பேருந்தில் ஏறி அட்டையைத் தட்டினால் ஓட்டுநர் 'டா, லவ்' என்பார். 'டா' என்றால் நன்றி. கடையில் சில்லறை தரும்போது 'தேர் யூ கோ, லவ்'. மருந்துக்கடையில் 'யூ ஆல் ரைட், லவ்?' வாக்கியம் முடிந்து, ஒரு சின்ன இடைவெளி விட்டு, கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் இந்த 'லவ்' வெறும் விளிச்சொல். நம்ம ஊரில் காய்கறிக்காரம்மா 'என்ன கண்ணு வேணும்?' என்று கேட்கிறாரே, அதே மாதிரி. அவருக்கு நம்மைத் தெரியாது, ஆனால் முகம் கொடுத்துப் பேசுகிறார்.

இந்த ஊர்கள் இருக்கும் யார்க்‌ஷரில் ஒரு ஆண் இன்னொரு ஆணைக்கூட 'லவ்' என்று கூப்பிடுவதுண்டு, குறிப்பாகக் கொஞ்சம் வயதானவர்கள். புதிதாக வந்த நம் பையன்கள் இதற்குத்தான் அதிகம் மிரள்கிறார்கள். அதில் எந்த உள்ளர்த்தமும் கிடையாது.

ஊருக்கு ஊர் இந்தச் சொல் மாறும். நாட்டிங்ஹாம், டெர்பி, ஸ்டோக் பக்கம் 'டக்' என்பார்கள். நியூகாசிலில் 'பெட்'. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பெண்களை 'ஹென்' என்று கூப்பிடுவார்கள். பிரிஸ்டல், டெவன், கார்ன்வால் வட்டாரத்துப் பழைய ஆட்களிடம் 'மை லவர்' கூட வரும்! மேலே எச்சரித்த அதே சொல்தான், ஆனால் அங்கே அது 'தம்பி', 'அம்மாடி' அளவுக்குத்தான். வயதான கடைக்காரர் மீதிச் சில்லறையோடு 'மை லவர்' என்று சொன்னால் பதறாமல் 'தேங்க்யூ' சொல்லிவிட்டு நகருங்கள்.

பதிலுக்கு நீங்களும் 'லவ்' சொல்ல வேண்டியதில்லை. 'தேங்க்ஸ்', 'சியர்ஸ்' போதும்.

ஒரு விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தெருவில் சாதாரணமாக இருக்கும் இதே விளிச்சொல் அலுவலகத்தில் உறுத்தும். ஆண் மேலாளர் ஒருவர் பெண் ஊழியர்களை மட்டும் 'லவ்' என்று கூப்பிட்டு, ஆண்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது மட்டம் தட்டுவதுதான். பல பெண்கள் அதை விரும்புவதில்லை. உங்களுக்கும் பிடிக்கவில்லை என்றால், 'ஐ ப்ரிஃபர் மை நேம்' என்று சிரித்த முகத்தோடு, ஆனால் தெளிவாகச் சொல்லலாம். புதுசாக வந்தவள் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம்; அப்படிச் சொல்வது அங்கே மரியாதைக் குறைவு ஆகாது.

மூன்றாம் படி: எதன் மேல் லவ் என்று பாருங்கள்

'ஐ லவ் யுவர் கோட்', 'ஐ லவ் திஸ் கறி', 'ஐ லவ் ஆட்டம்' (இலையுதிர் காலம்). பொருள்மேல், சாப்பாட்டின்மேல், பருவத்தின்மேல் வந்தால் 'ரொம்பப் பிடிச்சிருக்கு', அவ்வளவுதான். கோட்டைப் பாராட்டினால் 'தேங்க்யூ' சொல்லுங்கள். 'ஐயோ, இது பழசு, தள்ளுபடியில் வாங்கியது' என்று நாம் கூச்சத்தில் விளக்க ஆரம்பித்துவிடுவோம், அதற்குத் தேவையில்லை.

பீட்சாவுக்கும் லவ், பெற்ற தாய்க்கும் லவ்வா, சொல்லை இப்படி மலிவாக்கிவிட்டார்களே என்று நம்மவர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சொல்லின் வேரே ஆசைதான். பழைய ஆங்கிலத்தில் அது 'லுஃபு'. அதோடு உறவுள்ள சமஸ்கிருத வேர் 'லுப்', ஆசைப்படுவது. அதிலிருந்து வந்த 'லோபம்' தமிழுக்கும் வந்து, கஞ்சனை 'உலோபி' என்கிறோம். ஆங்கில 'லவ்'வும் நம் 'உலோபி'யும் தூரத்துச் சொந்தக்காரர்கள்! ஒரு பொருளை விரும்புவதும் ஒரு மனிதரை விரும்புவதும் அந்தச் சொல்லுக்குள் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து இருக்கின்றன.

வேலை இடத்தில் 'ஐ லவ் இட்' கேட்டால் அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள். நீங்கள் எழுதிய அறிக்கையைப் பார்த்து மேலாளர் 'ஐ லவ் இட், பட்...' என்று ஆரம்பித்தால், உண்மையான கருத்து அந்த 'பட்'டுக்குப் பின்னால்தான் வருகிறது. பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மெக்டொனால்ட்ஸ் 2003-இல் கொண்டுவந்த 'ஐ'ம் லவ்வின்' இட்' விளம்பர வாசகத்தைப் பார்த்துவிட்டு, பள்ளியில் படித்த இலக்கணம் தப்போ என்று குழம்ப வேண்டாம். 'இப்போது, இந்த நிமிஷம் ரசித்துக்கொண்டிருக்கிறேன்' என்ற பொருளில் பேச்சில் அப்படி வரும். பொருளுக்கும் அனுபவத்துக்கும் அது சரி. ஆளுக்கு மட்டும் வேண்டாம்.

நான்காம் படி: முன்னால் 'வுட்' இருக்கிறதா?

'ஐட்' என்பது 'ஐ வுட்' என்பதன் சுருக்கம். 'ஐட் லவ் டு' என்பதில் அன்பும் இல்லை, காதலும் இல்லை. 'வரேன், சந்தோஷமா வரேன்' என்பதுதான் அதன் பொருள். சாப்பிடக் கூப்பிட்டால், நடக்கப் போகலாமா என்று கேட்டால், சம்மதம் சொல்ல இதைவிட நல்ல வாக்கியம் இல்லை. வெறும் 'ஓகே' என்று நாம் சொல்வது அவர்கள் காதுக்குக் கொஞ்சம் வேண்டாவெறுப்பாகக் கேட்கும்.

'ஐட் லவ் டு, பட்...' வந்தால் முடிந்தது, மறுப்பு. நேருக்கு நேர் 'நோ' சொல்ல அவர்களுக்கும் சங்கடம்தான். 'வேற நாளைக்கு வரீங்களா, அதுவும் முடியாதா, அப்போ எப்போ?' என்று துரத்தக் கூடாது. 'நோ வரீஸ், அனதர் டைம்' என்று விட்டுவிடுங்கள்.

இதைவிட நுட்பமானது ஒன்று உண்டு. 'வி'ட் லவ் டு ஹேவ் யூ ரவுண்ட் சம் டைம்' என்று சக ஊழியர் சொல்கிறார். வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார் என்று நினைத்துப் பழம் வாங்கிக் காத்திருக்காதீர்கள். நாளும் நேரமும் சொன்னால்தான் அது அழைப்பு. சொல்லாத வரை அது நல்லெண்ணம் மட்டும். பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நேரத்தில் அவர் மனதார நினைத்துத்தான் சொல்கிறார்.

மின்னஞ்சலில் 'வுட் லவ் யுவர் தாட்ஸ்' என்று வந்தால் அது வேலை. இணைப்பைத் திறந்து படித்து, கருத்து எழுதி அனுப்ப வேண்டும் என்று பொருள்.

ஐந்தாம் படி: ஆள்மேல் வரும்போது 'இன்' இருக்கிறதா, 'ஐ' இருக்கிறதா?

இந்தப் படிதான் கொஞ்சம் கடினம், அதனால் மெதுவாகப் போவோம்.

'ஐ லவ் ஹர்' என்று ஒருவர் சொன்னால் அந்த 'ஹர்' அவருடைய அம்மாவாக இருக்கலாம், மகளாக இருக்கலாம், நெடுநாள் தோழியாக இருக்கலாம், கூட வேலை பார்ப்பவராகவும் இருக்கலாம். 'ஐ ஆம் இன் லவ் வித் ஹர்' என்றால் மட்டும் ஒரே பொருள்: காதல். நடுவில் வரும் அந்தச் சின்ன 'இன்' எல்லாவற்றையும் மாற்றிவிடும். 'ஐ லவ் யூ, பட் ஐ'ம் நாட் இன் லவ் வித் யூ' என்று ஒருவர் துணையிடம் சொன்னால், பாசம் இருக்கிறது, காதல் போய்விட்டது என்று சொல்கிறார். உறவு முறியும்போது பலரும் சொல்லும் வாக்கியம் அது.

அடுத்து அந்த 'ஐ'. தொலைபேசியை வைக்கும் முன் 'லவ் யூ, பை' என்று வேகமாகச் சொல்வார்கள். கணவன் மனைவிக்கு, அம்மா மகனுக்கு, தங்கை அக்காவுக்கு, தோழி தோழிக்கு. நாம் 'வச்சிடட்டுமா' என்று சொல்லும் இடத்தில் வருவது அது. முழுசாக, நிதானமாக, கண்ணைப் பார்த்து 'ஐ லவ் யூ' என்று சொல்வது வேறு. பழக ஆரம்பித்த ஜோடிக்குள் முதல் முறை அதைச் சொல்வது பெரிய விஷயம். மாதக் கணக்கில் சேர்ந்து சுற்றி, வீட்டாரையெல்லாம் பார்த்த பிறகும் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. 'ஐ ரியலி லைக் யூ' என்பதே அங்கே கனமான வாக்கியம். நம் சினிமாவில் பழக்கம் தொடங்குவதே 'ஐ லவ் யூ'வில்தான். அந்த வரிசையை அங்கே கொண்டுபோனால் எதிராளி பயந்துவிடுவார். அப்புறம், ஒருமுறை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அது முடிவு. மறுபடி மறுபடி போய்ச் சொல்வது தொல்லை கொடுத்தல், காவல்துறைவரை போகும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இது இன்னொரு விதமாக வரும். பள்ளி வாசலில் ஆங்கிலேயப் பெற்றோர் 'லவ் யூ!' என்று கத்திவிட்டுப் போவதைப் பார்த்து, நம் பிள்ளைகளும் 'லவ் யூ அம்மா' என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். நாம் நேசத்தை வாயால் சொல்லிப் பழகாதவர்கள். 'சாப்டியா' என்று கேட்டே காட்டிவிடுவோம். அதனால் பதில் வராமல் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். பிள்ளை பதிலுக்குக் காத்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். 'லவ் யூ டூ' சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் 'என் தங்கம்' என்று தமிழிலேயே சொல்லுங்கள், புரிந்துகொள்ளும்.

இலக்கியம் படிக்க வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. 'மேக் லவ்' என்றால் இன்று உடலுறவு. பழைய நாவல்களில் அப்படி இல்லை. 1815 டிசம்பரில் வெளியான ஜேன் ஆஸ்டினின் 'எம்மா'வில், கிறிஸ்துமஸ் விருந்து முடிந்து குதிரை வண்டியில் திரும்பும்போது திரு. எல்டன் எம்மாவிடம் ஆவேசமாக 'மேக்கிங் லவ்' செய்கிறார். அவர் செய்ததெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு, தன் காதலைக் கொட்டிப் பேசியதுதான். அந்தக் காலத்தில் அந்தச் சொற்றொடருக்குக் காதல் மொழி பேசுவது, மனதைக் கவர முயல்வது என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் 'லவர்' என்பதையும் இதே போலக் 'காதலைத் தெரிவித்தவர்' என்று படிக்க வேண்டும்.

ஆறாம் படி: எழுத்தில் வந்தால்

கடிதத்தின் முடிவில், வாழ்த்து அட்டையில் 'லவ்' போட்டுக் கீழே பெயர் எழுதுவது 'அன்புடன்' மாதிரிதான். பக்கத்து வீட்டார், பழகிய நண்பர்கள், உறவினர் எழுதுவார்கள். பக்கத்தில் இருக்கும் 'எக்ஸ்' எழுத்து முத்தக் குறி. பெண்கள் தோழிகளுக்குச் செய்தி அனுப்பும்போது பழக்கத்தில் போடுவது. அதை வைத்து எதையும் கணக்குப் போடாதீர்கள். அலுவலக மின்னஞ்சலில் நீங்கள் 'கைண்ட் ரிகார்ட்ஸ்' எழுதுங்கள், அதுதான் சரி.

'எல்.ஓ.எல்.' என்பதற்குப் பழைய தலைமுறையில் சிலர் 'லாட்ஸ் ஆஃப் லவ்' என்று பொருள் கொள்வார்கள். இளையவர்களுக்கு அது சிரிப்பு. பிரதமராக இருந்த டேவிட் கேமரூனே அப்படி நினைத்துச் செய்திகளில் போட்டுவந்தார் என்று 2012-இல் பத்திரிகைகளின் நடத்தை பற்றிய லெவசன் விசாரணையில், பத்திரிகை ஆசிரியராக இருந்த ரெபெக்கா புரூக்ஸ் சாட்சி சொன்னபோது நாடே பேசியது. இரங்கல் செய்தியில் மட்டும் அதைத் தவறிக்கூடப் போடாதீர்கள்.

ஏழாம் படி: மருத்துவமனையிலும் தேவாலயத்திலும்

நர்ஸ்களும் முதியோர் பராமரிப்புக்கு வருபவர்களும் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 'லவ்டு ஒன்' என்றால் காதலன், காதலி அல்ல, நெருங்கிய உறவு. நோயாளியின் குடும்பத்திடம் 'யுவர் லவ்டு ஒன்' என்றால் படுக்கையில் இருப்பவரைக் குறிக்கிறது. நோயாளியைப் பார்த்து 'யுவர் லவ்டு ஒன்ஸ்' என்றால் அவருடைய வீட்டாரை. இறந்த பிறகும் அதே சொல்தான். கணவனா, மகனா, திருமணம் ஆகாமல் சேர்ந்து வாழும் துணையா, அதே பாலினத் துணையா என்று தெரியாதபோது, யாரையும் புண்படுத்தாமல் சொல்ல உதவும் சொல் இது. எனக்கு அந்த ஆங்கிலத்தில் ரொம்பப் பிடித்த வழக்கங்களில் ஒன்று. படிவத்தில் 'நெக்ஸ்ட் ஆஃப் கின்' (மிக நெருங்கிய உறவினர்) என்று இருக்கும், அது பதிவுக்கானது. துக்கத்தில் இருப்பவர்களிடம் பேசும்போது 'லவ்டு ஒன்' என்ற சொல்தான் இதமாக இருக்கும். பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள், அது இன்னும் நல்லது.

ஆங்கிலேயர் கல்யாணத்துக்கோ இறுதிச் சடங்குக்கோ போனால் பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், 13-ஆம் அதிகாரத்தை வாசிக்கக் கேட்பீர்கள். 1997-இல் டயானாவின் இறுதிச் சடங்கில் பிரதமர் டோனி பிளேர் வாசித்தது அதுதான். அங்கே வரும் 'லவ்' காதல் அல்ல, தமிழ் பைபிள் 'அன்பு' என்று சொல்வது. இதற்கு எந்தச் சொல் போடுவது என்று ஆங்கிலேயருக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. பைபிளை ஆங்கிலத்தில் கொண்டுவந்த வில்லியம் டின்டேல் 1526-இல் 'லவ்' என்று மொழிபெயர்த்தார். கத்தோலிக்க அறிஞர் தாமஸ் மோர் அதைக் கண்டித்து, 'சாரிட்டி'தான் (இன்று தர்மம் என்று பொருள்படும் சொல்) சரி என்றார். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிள் 'சாரிட்டி' என்றது. 1881-இல் திருத்திய பதிப்பு மறுபடி 'லவ்'வுக்கே திரும்பியது.

எட்டாம் படி: மனப்பாடம் செய்ய வேண்டியவை

சில தொடர்கள் யோசித்துப் பிடிபடாது, தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 'நோ லவ் லாஸ்ட்' என்றால் இருவருக்கும் ஆகாது என்று பொருள். அன்பு குறையவில்லை என்று நேர்மாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'நாட் ஃபார் லவ் ஆர் மனி' என்றால் என்ன கொடுத்தாலும் முடியாது. 'லேபர் ஆஃப் லவ்' கூலிக்காக இல்லாமல் ஆசைக்காகச் செய்யும் வேலை. 'டஃப் லவ்' அடித்துத் திருத்துவது அல்ல, நல்லதுக்காகக் கண்டிப்பாக இருப்பது. 'லவ் சைல்ட்' திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை, அதனால் செல்லமாக எந்தக் குழந்தையையும் அப்படிச் சொல்லக் கூடாது. 'லவ் ஹேண்டில்ஸ்' இடுப்புச் சதை. 'லவ் சீட்' இரண்டு பேர் உட்காரும் சோஃபா.

டென்னிஸிலும் பேட்மின்டனிலும் 'லவ்' பூஜ்யம். முட்டையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்று பலர் கதை சொல்வார்கள், ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. பணயம் இல்லாமல் 'ஆசைக்காக' ஆடுவது என்ற வழக்கிலிருந்து வந்திருக்கும் என்பதுதான் பொருத்தமாகத் தெரிகிறது.

கடைசிப் படி: நீங்களே சொல்லத் தொடங்கும்போது

'லவ்லி'யில் ஆரம்பியுங்கள். அதைவிடப் பாதுகாப்பான சொல் இங்கிலாந்தில் இல்லை. டீ கொண்டுவந்து வைத்தால் 'லவ்லி', வெயில் அடித்தால் 'லவ்லி', நாளை பத்து மணிக்குச் சந்திப்போம் என்றாலும் 'லவ்லி'. அது வாயில் படிந்த பிறகு 'ஐட் லவ் டு'. அதன் பிறகு பொருள்களுக்கு 'ஐ லவ்'. மனிதர்களுக்குச் சொல்வது தானாக வர வேண்டிய நேரத்தில் வரட்டும்.

தெரியாதவர்களை 'லவ்' என்று கூப்பிடுவது மட்டும் இப்போதைக்கு வேண்டாம், அதுவும் ஆண்கள் பெண்களிடம் வேண்டவே வேண்டாம். யார்க்‌ஷரில் பல வருஷம் இருந்து, உங்கள் ஆங்கிலத்தில் அந்த ஊர் வாடை ஏறிய பிறகு, கடைக்காரரிடம் உங்களை அறியாமல் ஒருநாள் வாயில் வரும். அவரும் அதைக் கவனிக்காமலே மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிடுவார்.